ஊசிக்குப் பயந்து ஒரு விரதம்

என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கிருமி என்னைப் பயமுறுத்தியதைவிட, பத்து பாகாட் என்ற ஊரில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இந்த மனிதர் பயமுறுத்தியதுதான் அதிகம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கைப்பேசி மட்டும் ஓய்வுபெறவில்லை. காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் குடும்பப் புலனக் குழுவில் அவர் அனுப்பியது வந்து விழுந்திருக்கும். தடுப்பூசி போட்டவர் கையில் காந்தம்போல் கரண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும் காணொளி. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போட்டவர்கள் கதி என்னவாகும் என்று விளக்கும் குரல் பதிவு. கீழே மூன்று கும்பிடு. அதற்கும் கீழே, ‘யோசித்து முடிவு செய்யவும்.’

யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். மனைவி முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்து மதியம் அயர்ந்து தூங்கியபோது, சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்து அவள் கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு யோசித்தேன். கரண்டி விழுந்தது. அவள் எழுந்துகொண்டாள். பிறகு நடந்ததை இங்கே எழுதுவதாக இல்லை.

இது என் ஒருவன் தலையோடு போகும் விஷயமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் வீட்டில் அக்கா இருந்தார். என் உடன்பிறந்தவர். அத்தான் காலமானதும் கோத்தா திங்கி வீட்டைப் பூட்டிவிட்டு மாசாய்க்கு எங்களோடு வந்துவிட்டார். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட உடம்பு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என் மனைவிக்கு மோட்டார்சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அக்காவால் அதில் ஏறி உட்கார முடியாது. ஆகவே நான்தான் காரில் கொண்டுபோய் விட்டு, நான்தான் கூட்டிவருவேன். அதற்காகவே தொழிற்சாலையில் மதிய ஷிப்டாகக் கேட்டு வாங்கியிருந்தேன். அக்காவுக்கு ஊசி போட்டபோதே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த உடம்பில் ஊசி முழுதாக வேலை செய்யாது. கிருமி வந்தால் தாங்காது. அதனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் என்றால் பாக்கி இருந்தது நான் ஒருவன்தான்.

என் பெயருக்கும் கைப்பேசியில் தேதி வந்தது. அப்போதுதான் வாழ்நாளின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். ஆடி மாதம், விரதம் எடுத்திருக்கிறேன், விரதக் காலத்தில் உடம்புக்குள் அன்னியப் பொருள் போகக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். கோயிலே மூடிக் கிடக்கிறதே, எந்தச் சாமிக்கு விரதம் என்று கேட்டாள். மனதுக்குள் வேண்டிக்கொண்டேன் என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒம்பது வருசம் தைப்பூசத்துல கன்னத்துல அலகு குத்திக்கிட்டு நடந்தீங்க. முதுகு பூரா கொக்கி. அப்ப போனதெல்லாம் அன்னியப் பொருள் இல்லியா?”

அது வேல், இது வேறு என்றேன். அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடியிருந்தால் பிழைத்திருப்பேன். அன்று மாலையே ஹாலில் பாய் விரித்தாள். விடிவதற்குமுன் பச்சைத் தண்ணீரில் குளியல். மீன், கோழி, முட்டை கிடையாது. வெள்ளிக்கிழமை பீர் அடியோடு கிடையாது. எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு மண்டலம் என்றாள். நாற்பத்தெட்டு நாள்! ஊசி என்றால் ஒரு நொடி. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? விரதத்தில் கோபப்படவும் கூடாதாம்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாயில் பதினோராவது நாள். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. நெருங்கிய தொடர்பு என்று என்னை வீட்டு முன்னறையில் பத்து நாள் அடைத்தார்கள். அடைபட்டது நான். தண்டனை அக்காவுக்கு. இந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதால், அக்காவின் பரிசோதனை முடிவு வராமல் டயாலிசிஸ் செய்ய முடியாது என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு முறை தள்ளிப்போனது. மறுநாள் காலை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அக்கா உட்கார்ந்தபடியே இருப்பதாக மனைவி கதவுக்கு வெளியிலிருந்து சொன்னாள். கால் வீங்கி, வழக்கமாகப் போடும் செருப்பு ஏறவில்லையாம். கதவில் காதை வைத்தேன். அக்கா மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று மதியம் முடிவு வந்தது. அக்காவுக்குத் தொற்று இல்லை. ஆனால் யார் கொண்டுபோவது? தொற்று வீடு என்று தெரிந்ததும் எந்த வாடகை வண்டியும் வர மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் மச்சானுக்குப் போன் போட்டேன். எதிர்பார்ப்பு ஒன்றுமில்லை; ஊசி போடாத மனிதர், பயந்து மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“கவலப்படாதீங்க மாப்பிள்ள, இப்பவே கெளம்பி வரேன். நமக்குத்தான் ரெண்டு ஊசியும் போட்டாச்சு லா.”

எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். தேதி கிடைத்த முதல் நாளே என்றார்.

“அப்ப எனக்கு அனுப்புனதெல்லாம் என்னா மச்சான்?”

“வந்துச்சு, அனுப்புனேன். நான் எங்க நம்புனேன்?”

அந்தக் கைப்பேசியை நான் ஏன் சுவரில் எறியவில்லை என்று இன்றைக்கும் புரியவில்லை. எனக்குத் தெரிந்து ஊசிக்குப் பயந்து பாயில் படுத்தவன் ஜொகூர் மாநிலத்திலேயே நான் ஒருவன்தான். என்னைப் படுக்க வைத்தவர் இரண்டும் போட்டுக்கொண்டு நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைவிட அநியாயம், சொன்னபடியே வந்துவிட்டார். முகத்தில் இரண்டு கவசம் மாட்டிக்கொண்டு, அக்காவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார். நான் அடைபட்டிருந்த நாள்கள் முழுக்க, ஒரு முறைகூடத் தவறாமல் கொண்டுபோய்க் கூட்டிவந்தார். இப்போது அவரைத் திட்டவும் முடியாது. மன்னிக்காததற்கு இது இரண்டாவது காரணம்.

பத்து நாள் முடிந்தது. எனக்கும் தொற்று இல்லை. மறுநாளே, தேதி தவறியவர்களுக்கும் ஊசி போடும் மண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். விரதம் என்ன ஆயிற்று என்று மனைவி கேட்கவே இல்லை. முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் முறை வந்ததும் கண்ணை இறுக மூடி, கந்தனை, மாரியம்மனை, இன்னும் யார் யாரையோ கூப்பிட்டேன். தாதிப்பெண் தோளைத் தட்டி, முடிந்து எவ்வளவோ நேரமாகிறது, எழுந்திருங்கள் அங்கிள் என்று மலாயில் சொன்னாள். பின்னால் வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நாள் அக்காவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனேன். கை வலித்தது. பாதி வழியில், மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன்.

“இத்தன நாளா போட்டுக்கடான்னு ஒரு வார்த்த சொல்லலியே, ஏன்க்கா?”

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லி, நீ கோவிச்சுக்கிட்டா? அப்புறம் என்னய யாருடா கொண்டுபோய் விடுவா?”

மச்சான்மேல், விரதத்தின்மேல், ஊர் பேர் தெரியாத அந்த டாக்டர்மேல் நான் சேர்த்து வைத்திருந்த ஆத்திரமெல்லாம் ஒரே நொடியில் வழி மாறி வந்து என்மேலேயே ஏறி உட்கார்ந்தது. மூச்சு முட்டி உட்கார்ந்திருந்த மனுஷி, என் முகம் கோணக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இனிமேல் தோன்றினால் திட்டிவிடுங்கள், எவ்வளவு திட்டினாலும் கொண்டுபோய் விடுவேன் என்றேன்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு, நடுரோட்டில் இப்படியா நிறுத்துவாய், பின்னால் லாரி வருகிறது, கண் தெரியவில்லையா என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், போகவும் வரவும் திட்டுகிறார். பிரேக் பிடிப்பது, தொப்பை, மனைவியிடம் பேசும் விதம், ஒன்றையும் விடுவதில்லை. அநியாயத்துக்குத் திட்டுகிறார். நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.