கிணற்றுக்குள் முடுக்கிய நட்டு

கப்பலூரில் ஒரு சிறிய கம்பெனியில் நான் ஃபிட்டர். பிளஸ் டூ படிக்கும் என் மகள், விண்வெளி வீராங்கனை ஆகப்போவதாகச் சொன்னபோது, "அம்புட்டு உசரம் நமக்கெதுக்குத்தா?" என்று சொல்லிவிட்டேன். பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அவளுடைய செருப்பு மட்டும் கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. சட்டையோடு குதித்தேன். தண்ணீருக்கடியில் அவள் என் கையுறையை மாட்டிக்கொண்டு, மோட்டார் குழாயின் நட்டை என் ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும், "விண்வெளியில மிதந்துக்கிட்டேதான்ப்பா வேலை பாக்கணும். அதுக்குத் தண்ணிக்குள்ளதான் பழகுவாங்க. நீங்க முடுக்கிப் பாருங்களேன்" என்றாள்.

இருபது வருடமாக நட்டு முடுக்கும் கை இது. மூழ்கித் திருப்பினேன். நட்டு அசையவில்லை, நான்தான் சுற்றிப்போனேன்.

"ஒரு கையால குழாயப் பிடிச்சுக்கங்கப்பா" என்று சிரித்தாள்.

இத்தனை நாளும் என் வேலையில் பாதியைத் தரைதான் செய்திருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் ஒரு வார்த்தையால்தான் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாக இறங்கியிருக்கிறாள்.

இப்போது ஞாயிறுதோறும் கிணற்றுப் படியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மேலே வரும்வரை எனக்கும் மூச்சு வருவதில்லை.