தலைக்கட்டு நோட்டில் இல்லாத வீடுகள்

இதை எழுத உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தது எத்தனையோ வருடமாக நடக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்ற கூச்சம் ஒன்று. கூடப்பிறந்தவளின் காரியத்தை வெளியே சொல்லலாமா என்ற தயக்கம் இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அவளிடமே கேட்டுவிட்டேன். எழுதுங்கண்ணே என்றாள். அல்லாஹ்வின் பெயரால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீரசோழனுக்குப் பஸ் போகும் பாதையில் இருக்கிறது. பள்ளிவாசலின் தலைக்கட்டு நோட்டு என் பொறுப்பில். நிக்காஹ் முடிந்த ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. துபாயில் இருந்தாலும் பேர் நோட்டில் இருக்கும்.

பஞ்சாயத்தில் புதுக் குடிநீர்க் குழாய்க்குத் திட்டம் வந்தது. எந்தத் தெருவில் இன்று எத்தனை குடும்பம், இன்னும் பத்து வருடத்தில் எத்தனை இருக்கும் என்று கணக்குக் கேட்டார்கள். குழாய் எதுவரை என்பது அதை வைத்துத்தான். கிளார்க் என்னிடம் வந்தார். நாளைக்கு நடப்பதே இறைவன் கையில், பத்து வருடத்தை நான் எப்படி எழுதுவது என்று பின்வாங்கினேன். பிறகு தாளின் தலையில் ‘அல்லாஹ் நாடினால்’ என்று எழுதிவிட்டு ஆரம்பித்தேன். அது இருக்கட்டும் பாய், கீழே நம்பரை விட்டுவிடாதீர்கள் என்று கிளார்க் சிரித்தார்.

நிக்காஹ் வயதுக்கு வரப்போகிறவர்களைக் கணக்கில் கூட்டினேன். அருப்புக்கோட்டையிலும் பாளையம்பட்டியிலும் மனை வாங்கிப் போட்டவர்களைக் கழித்தேன். பள்ளிவாசலைத் தாண்டிய பின் தெருவில் இருந்ததே ஏழு தலைக்கட்டு. அதில் ஐந்து பேர் டவுனில் மனை வாங்கியிருந்தார்கள். பத்து வருடத்தில் இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். குழாய் அந்தத் தெருவுக்குள் போகாமல் பள்ளிவாசல் முக்கோடு நிற்கும் என்றாகிவிட்டது.

என் தங்கை இருப்பது அந்தத் தெருவில்தான். மாப்பிள்ளை மவுத்தாகி விதவையான பிறகு, எங்களைப் பெற்ற அத்தா விட்டுப்போன இடத்தில் ஓட்டு வீடு போட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாள். அவளுக்கு முட்டுவலி. அந்த முக்கில் இருக்கும் பழைய குழாயிலிருந்து தினமும் குடம் சுமப்பது அவள்தான்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். வாசப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"எங்க தெருவுல ஆளே இருக்காதுன்னு எழுதிக் கொடுத்தீகளாம்ல. நான் எந்த ஊருக்குப் போறேன்னும் சொல்லிட்டீகன்னா மூட்டையக் கட்டிருவேன்."

"நீ இங்க தலைக்கட்டு இல்லையேம்மா. ஒம் வீட்டுக் கணக்கு ஒம் மாப்பிள்ளை பேருல அவுக ஊரு நோட்டுலல்ல இருக்கும்."

"அவுக மவுத்தானதுமே அங்க அந்தப் பேரை அடிச்சுட்டாக. ரெண்டு நோட்டுலயும் இல்லாதவளுக்குத் தாகம் எடுக்காதாண்ணே?"

பெருநாளைக்கு நான் முதலில் துணி எடுத்துக் கொடுப்பது அவளுக்குத்தான். அவளை ஒரு வீடாக எண்ணத்தான் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நோட்டை எடுக்காமல் பின் தெருவுக்குப் போனேன். வாசல் வாசலாக நின்று, இங்கே எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டேன். பத்தொன்பது அடுப்பு. விதவைகள், தள்ளி வைக்கப்பட்டவர்கள், புருஷன் சவுதியில் இருக்கத் தாய்வீட்டோடு வந்துவிட்ட பிள்ளைக்காரிகள். வருங்காலத்தையும் அவர்களிடமே கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: "டவுனுல வீடு கட்டுறேன்னு அவுக கல்யாணத்தன்னைக்கே சொன்னாக மாமா. நீங்க என்னைய இங்கயே எழுதுங்க."

புதுத் தாளோடு பஞ்சாயத்துக்குப் போனபோது நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு வாரத்தில் தெருவே பெருத்துப் போச்சா பாய் என்று ஒருவர் கேட்டார். தெரு அப்படியே இருக்கிறது, நான் ஆம்பிளைகளை மட்டும் எண்ணிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது. கிளார்க் நல்ல மனிதர். பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொண்டார்.

அல்ஹம்துலில்லாஹ், குழாய் தங்கை வாசல் வரை வந்துவிட்டது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஆனாலும் இருந்த இடத்தில் பிடிக்கிறாள். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு செம்பு கொடுத்தாள். கொஞ்சம் உப்புத்தான். நின்றுகொண்டு குடிக்காமல் உட்கார்ந்து குடிங்கண்ணே என்று அதட்டினாள்.

வாசித்தவர்கள் உங்கள் ஊர் நோட்டு வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அண்ணன் தங்கைக்குக் குழாய் வாங்கிக் கொடுத்தான் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவளை விட்டுவிட்டு எண்ணியவன் நான்; கேட்டு வாங்கியவள் அவள். எழுதியபடியே சொல்லுங்கள்.