சுக்கான் இழுத்த கயிறு

இந்த ஊரில் நாய்க்கு வரி உண்டு. ஹுண்டஸ்டாயர் என்று அதற்குப் பெயர். வரி கட்டினால் ஒரு சின்னத் தகடு தருவார்கள், அதை நாயின் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். தொலைதூர ரயிலில் ஏற்றினால் குழந்தைக்கு எடுப்பதுபோல் அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். தூத்துக்குடியில் மீன்தலையைத் தின்றுவிட்டு வள்ளத்தின் நிழலில் கிடந்த எங்கள் நாய் சுக்கான், ஹாம்பர்க் நகரத்தில் என்னைவிட மதிப்பான குடிமகன். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஃப்ராவ் பீட்டர்சன் என்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்து ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. நாயோடு இறங்கினால் மட்டும் குனிந்து அதனிடம் ஐந்து நிமிடம் குசலம் விசாரிப்பார், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்காரன் மாதிரி நிற்பேன். எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாதது வேறொன்று. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. வேலை முடிந்து வந்ததும் சுக்கானை ஆற்றோரமாக நடத்திக்கொண்டு போவேன். வழியில் ஓர் இரும்புப் பாலம். பாலத்தின் நடுவில் சுக்கான் நின்றுவிடும். குரைக்காது, எதையும் மோந்து பார்க்காது. தண்ணீரைப் பார்த்தபடி கயிறு விறைக்கும்வரை முன்னால் போகும். பிறகு வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு. கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். திரும்பவும் இரண்டு இழுப்பு. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. தாடையைத் தரையில் வைத்துப் படுத்துவிடும். முதல் வாரம் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் எண்ணிப் பார்த்தேன். எண்ணியபோது அந்தக் குளிரிலும் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

எங்கள் அக்கா அமலியின் கணவர் மிக்கேல் அத்தான் சங்கு குளிக்கிறவர். இப்போதெல்லாம் வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து ஒரு குழாய் குளிக்கிறவரின் வாய்க்குக் காற்று கொண்டுபோகும். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையை மேலே இருப்பவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் இழுப்பு என்றால் கயிற்றை இன்னும் விடு. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. அவ்வளவுதான் கடலுக்கடியில் பேச்சு. அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். குளிக்கிறவனின் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் கடற்கரையில் அதுதான் முறை. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. கல்யாணமான ஆறு வருடமும் அத்தானின் கயிறு என் கையில்தான் இருந்தது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அத்தான் சும்மா இருக்க மாட்டார். "ஏலே மாப்ள, நீ ஜெர்மனிக்குப் போயிட்டா எங் கயித்த ஆரு பிடிப்பா? சுக்கானா?" என்பார். சுக்கான் என்றால் படகைத் திருப்பும் பலகை. குட்டியாக வள்ளத்தில் ஏறிய நாய், எப்போது பார்த்தாலும் பின்பக்கத்தில் சுக்கான் அருகே படுத்துக் கிடந்ததால் அந்தப் பெயர். அத்தான் கடலுக்குள் இறங்கியதும் எழுந்து வந்து, என் கையிலிருந்து தண்ணீருக்குள் போகும் கயிற்றின்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். என் கைக்குத் தெரிவதெல்லாம் அதன் தொண்டைக்கும் தெரியும். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் முயல்தீவுக்கு வெளியே நின்றிருந்தோம். நல்ல வெயில். வலக்கையில் கயிறு, இடக்கையில் போன். ஹாம்பர்க் கம்பெனியின் வேலைக் கடிதம் அப்போதுதான் போனில் வந்திருந்தது. இரண்டு இழுப்பு வந்தது. நீவாடு, அதாவது கடலோட்டம், கயிற்றை அலைக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய், நினைக்கவே இல்லை. கண் முழுக்கக் கடிதத்தில் இருந்தது. மறுபடியும் இரண்டு இழுப்பு. சுக்கான் எழுந்து குரைத்தது. "சும்மா கெடலே" என்று அதட்டினேன். கடிதத்தை முடித்துவிட்டுத்தான் கயிற்றைத் தூக்கினேன். பாறை இடுக்கில் சிக்கிக் காற்றுக் குழாய் மடிந்துபோயிருந்தது. அத்தானை வள்ளத்தில் கிடத்தியபோது கம்ப்ரசர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

கரையில் எல்லாரும் கேட்டார்கள். போலீஸ் கேட்டது, பங்குச் சாமியார் கேட்டார். கடைசியில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அத்தான் கயித்த இழுக்கவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு சுக்கான் வீட்டில் தங்கவில்லை. நாள் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும். "இதப் பாக்கப் பாக்க எனக்கு ஈரக்கொல நடுங்குது, நீ கூட்டிட்டுப் போயிரு தம்பி" என்றாள் அக்கா. ஊசி போட்டு, ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, மூன்று மாதம் காத்திருந்து அதைக் கொண்டுவந்தேன். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன், கடையில் வாங்கிய பட்டையை எல்லாம் கடித்துக் குதறியது. கடைசியில் அக்கா பரணிலிருந்து அத்தானின் பச்சை நைலான் கயிற்றை எடுத்து, ஒரு துண்டு அறுத்துக் கட்டினாள். உடனே வாலைத் தாழ்த்திக்கொண்டு பின்னாலேயே வந்தது. அந்தக் கயிற்றை ஹாம்பர்க்கில் எத்தனை முறை துவைத்திருப்பேன்! காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும்.

ஒருநாள் பாலத்தில் ஃப்ராவ் பீட்டர்சன் எங்களைப் பார்த்துவிட்டார்.

"இவன் யாரைத் தேடுகிறான்?"

"என் அக்காவின் கணவரை."

"அவர் எங்கே இருக்கிறார்?"

என்னிடம் இருந்த ஜெர்மன் அவ்வளவுதான். "தண்ணீரில்" என்றேன்.

"ஓ, மட்ரோஸ!" என்று அவர் முகம் மலர்ந்தது. கப்பல்காரர் என்று அர்த்தம். "எப்போது திரும்புவார்?"

சுக்கான் இரண்டு முறை இழுத்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் பிரியமாகக் கேட்பார்: "மட்ரோஸ வந்துவிட்டாரா?"

ஒன்றரை வருடம் தாங்கினேன். பாதையை மாற்றிப் பார்த்தேன். ஏரிக்குப் போனால் ஏரியில் இழுத்தது. மழைநாளில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தும் இழுத்தது. என் வலது மணிக்கட்டு தூக்கத்தில்கூட விறைக்க ஆரம்பித்தது. அக்காவுக்குப் போன் செய்து, நாய் ரொம்ப இழுக்கிறது, என்னால் பிடிக்க முடியவில்லை, கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். தொலையட்டும் என்று இருந்தது எனக்கு. உண்மை அதுதான், பூசி மெழுக என்ன இருக்கிறது?

மறுபடியும் ஊசி, சான்றிதழ், கூண்டு, விமானம். எழும்பூரில் பார்சல் அலுவலகத்துக் குமாஸ்தா காகிதத்தையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். "ஜெர்மனின்னு போட்டிருக்கு. பாத்தா நம்ம தெரு நாய் மாதிரி இருக்கே சார்?" "நம்ம தெரு நாய்தான்" என்றேன். "போயிட்டுத் திரும்பி வந்திருக்கா? நல்லா வாழ்ந்திருக்கு போங்க" என்று சிரித்து முத்திரை குத்தினார். ரயிலில் சுக்கான் அசையாமல் வந்தது. விடிந்து மணியாச்சி தாண்டி உப்பளக் காற்று உள்ளே வந்தபோதுதான் எழுந்து நின்று காதைத் தூக்கியது. அந்தக் காற்றுக்கு எனக்கும் கண் கலங்கியது. நாயைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அக்கா இறால் கம்பெனியில் வேலை செய்கிறாள், கையெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. சாயங்காலம் நாயோடு கடற்கரைக்குப் போனோம். கயிற்றை அவள் வாங்கிக்கொண்டாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தோம். கயிறு தொய்ந்து மணலில் புரண்டது.

"எங்கனலே இழுக்கு? ஆட்டுக்குட்டி மாதிரில்லா வருது. போன்ல என்னமோ கையே பிஞ்சு போவுதுன்னு சொன்ன?"

சுக்கான் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க அத்தானும் இழுக்கலன்னு சொன்னியே, அந்த ஒத்த வார்த்தையிலதான் தம்பி நான் ஓட்டுதேன். மூச்சுக்குத் தவிச்சிருந்தா இழுத்திருப்பாக. இழுக்கல. தூங்குனாப்பல போயிட்டாக. மாதாகிட்ட தெனமும் அதத்தான் சொல்லி நன்றி சொல்லுதேன்."

காற்றில் கொண்டை அவிழ்ந்தது. முடிந்துகொள்வதற்காகக் கயிற்றை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். சுக்கான் எழுந்தது. கடலைப் பார்த்துத் திரும்பி, கயிறு விறைக்கும்வரை போயிற்று. இரண்டு இழுப்பு. அக்காவின் கை கூந்தலிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு.

"ஏலே, இது தூக்குன்னுல்லா சொல்லுது? ஆரு பழக்குனது?"

அத்தான் பழக்கியிருப்பார் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. கயிறு கையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"யாரும் பழக்கலக்கா. அன்னைக்கு இழுத்தாக. ரெண்டு தடவ. நான் போன் பாத்துட்டிருந்தேன்."

அவள் அழவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றுதான் கேட்டாள்.

"மொத இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எம்புட்டு நேரம்லே?"

"வேலைக் கடிதத்த ஒரு தடவ படிச்சு முடிச்சேன்க்கா. ரெண்டாவது தடவ படிக்கையில அடுத்தது வந்துச்சு. அதையும் முடிச்சுட்டுத்தான் தூக்கினேன்."

அக்கா மண்டியிட்டு, நாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். வரித் தகட்டையும் கழற்றினாள். இரண்டையும் என் கையில் வைத்தாள். "இது எங்கூட கெடக்கட்டும். கயிறு ஒன்னுது. நீதான பிடிச்ச" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சுக்கான் அவள் பின்னால் போயிற்று, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த நான்கு நாளும் அக்கா எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹாம்பர்க் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. ஃப்ராவ் பீட்டர்சன் நாய் எங்கே என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டது என்றேன். "மட்ரோஸ?" என்றார். தலையாட்டினேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. நாய் இல்லாவிட்டாலும் வேலை முடிந்ததும் கால் பாலத்துக்குத்தான் போகிறது. கயிறு கோட்டுப் பையில் இருக்கும். எடுத்துக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிடுவேன், அதன் நுனி தண்ணீருக்கு எட்டாது. அக்கா ஒருநாள் கூப்பிடுவாள் என்று நினைக்கிறேன், அதனால் போனையும் உள்ளே வைக்க முடிவதில்லை. வலக்கையில் கயிறு, இடக்கையில் போன். அன்றைக்கும் இப்படித்தான் நின்றேன்.