பாடு லிஸ்டில் காணாமல் போன எல்லப்பன்

அந்த நோட்டைத் திறந்தாலே இறால் வாசனை அடிக்கும்... ஈரக் கையோடு ஆளாளுக்குப் புரட்டியதில் தாளெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும்.

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்துப் போவோம். அதற்குப் பாடு என்று பேர். அந்த வரிசையை எழுதும் நோட்டு பல வருஷம் என் கையில்தான் இருந்தது. நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். ஆனால் என் எழுத்தைப் படிக்க யாரும் திணறியதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மூத்த பையனுக்கு எல்லையம்மன் பேரைத்தான் வைப்பார்கள். தெருவுக்கு நாலு எல்லப்பன். அப்பா பேரைச் சேர்த்தாலும் தீராது. முனுசாமி மகன் எல்லப்பன் என்றே இரண்டு பேர்! அதனால் பட்டப்பேரையும் சேர்த்து எழுதுவேன். ஒருவன் ஓட்டைப்படகு எல்லப்பன். இன்னொருவன் என் மகன், சுருட்டை எல்லப்பன். இப்போது அவன் தலையில் முடியே இல்லை, அது வேறு.

ஓட்டைப்படகு ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டான்.

"இன்னா அத்தை, புதுப் படகு வாங்கி ஒரு வருஷம் ஆவுது. இன்னும் ஓட்டைன்னே எழுதிக்கினுகீற?"

"படகு மாறும்டா, நோட்டு மாறாது. போய் வலையப் பாரு."

நானும் தப்பு செய்திருக்கிறேன். ஒருமுறை புது நோட்டில் எடுத்து எழுதும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன். ஊர் கூடி உரக்கப் படித்தபோது பக்கத்து வீட்டு ராணி எழுந்துவிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரு பேரு எங்கமே?"

எனக்கு மானம் போய்விட்டது. அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதமே! கிழிச்சிட்டா, பேரு வுட்டுப்போச்சுன்றதுக்கு இன்னா சாட்சி?"

அன்றிலிருந்து கிழிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. தப்பின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் காரணம். கீழே இரண்டு பேர் கையெழுத்து.

போன வருஷம் ஊர்க் கூட்டத்தில் நோட்டு வேண்டாம், கம்ப்யூட்டர் போதும் என்றார்கள். பொன்னேரியில் ஒரு கடையில் கொடுத்து ஏற்றினார்கள். பட்டப்பேர் மரியாதையாக இல்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மழை நின்று இறால் விழ ஆரம்பித்ததும் என் மகனுக்குப் பாடு வந்தது. வலையை ஏற்றிக்கொண்டு போனவனை, "லிஸ்டுல முனுசாமி மகன் எல்லப்பன் ஒருத்தன்தான், அது ஓட்டைப்படகு. உன் பேரு இல்லியே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பருவத்தில் அவனுக்கு விழுந்த ஒரே நல்ல பாடு... போயே போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே அவனை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"ஒரே பேரு, ஒரே அப்பா பேரு ஆயா. டபுள் என்ட்ரின்னு ஒண்ண டெலீட் பண்ணிட்டேன்."

"யாரக் கேட்டு?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ அழிச்சன்னு அதுல எங்க எழுதிக்கீது?"

"அதெல்லாம் எழுதாது ஆயா. சேவ் பண்ணா பழசு போயிடும். இரு... இதோ, பேரு வந்துடுச்சு. அவ்ளோதான்!"

அவ்ளோதானாம்! திரையைப் பார்க்கிறேன், என் மகன் பேர் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு ஊரில் எவனாவது, "பேரு இருக்குதே, நீதான் வராம இருந்துட்ட" என்று சொன்னால் அவன் எதைக் காட்டுவான்?

"பட்டப்பேருக்கு ஒரு கட்டம் போடு."

"நல்லாருக்காது ஆயா."

"பேரே இல்லாம போறது நல்லாருக்குதா?"

போட்டாள். பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். அதன் அடியில் என் கையாலேயே எழுதினேன்: 'இந்தப் பேர் நடுவில் அழிந்து போனது. அதனால் சுருட்டை எல்லப்பனுக்கு ஒரு பாடு போனது.' கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் எதுக்கு ஆயா?"

"அழிச்சது நீதான கண்ணு."

எங்கள் ஊரில் எழுத்தே தெரியாதவர்கள்கூட, "என் தப்புதான்" என்று முன்னால் வந்து நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பெண் டிகிரி படித்தவள். பேனாவைத் திறந்தாள், மூடினாள்... மறுபடி திறந்தாள். அவள் கையெழுத்துப் போடும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.