உப்புத் தண்ணீரில் ஓடவிருந்த இன்ஜின்

என் வீட்டுக்காரரின் கண்டுபிடிப்பை ஒழித்துக்கட்டியது நான்தான். ஏதோ எண்ணெய்க் கம்பெனிக்காரன் ஆள் விட்டுத் தூக்கிவிட்டான் என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்து உப்பளத்தில் எங்களுக்குக் குத்தகைக்குக் கொஞ்சம் பாத்தி இருக்கிறது. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விட ஒரு பழைய ஆயில் இன்ஜின். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். கோடையில் நாலு நாள் நின்றால் போதும், பாத்தி காய்ந்து, உப்பு தரையோடு ஒட்டிச் சேறும் அழுக்குமாகப் பெயர்ந்து வரும். அதை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

உமி விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பார்கள். எங்களுக்கு விற்கப் போகும்வரைகூட மழை காத்திருக்கவில்லை. குவித்து வைத்ததெல்லாம் ஒரே மழையில் கரைந்து கால்வாய்க்குப் போனது. அடுத்த வருடமும் அதே கதை. அதற்குப் பிறகு அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவார், மறுபடி போய்ப் படுப்பார். பாத்தியில் நான் ஒண்டியாளாகக் கிடந்தேன். கோபம் கோபமாக வரும். ஆனால் சுவரோடு யார் சண்டை போடுவது?

அவரை எழுப்பியது போன்தான். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருத்தன் தண்ணீரில் கார் ஓட்டினானாம், அவனுக்கு விஷம் வைத்துவிட்டார்களாம். இன்னொருத்தன் கண்டுபிடித்ததைக் கம்பெனிக்காரர்கள் விலைக்கு வாங்கி, காகிதத்தையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். ஒரு வீடியோவைப் பார்த்தால் அடுத்ததை அந்த போனே எடுத்துக் கொடுக்கும். பத்து நாள் பார்த்தார். பதினொன்றாம் நாள் எழுந்து சவரம் பண்ணி, குளித்து, தலை வாரி, "டீ குடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீடியோக்காரன் எவனாக இருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

அவர் சொன்னதை நான் பைத்தியக்காரத்தனம் என்றும் நினைக்கவில்லை. எங்கள் ஊருக்குச் சர்க்கார் சோலார் மோட்டார் தருகிறது என்று எழுதிக்கொடுத்து, போட்டோ ஒட்டி, நாலு தரம் நடந்தோம். கடைசியில் அந்த மோட்டார், பாத்தியே இல்லாத ஒருத்தர் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய மனிதர்கள் நல்லதை நம்மிடம் வரவிடமாட்டார்கள் என்று அவர் சொன்னால், நான் எந்த வாயால் இல்லை என்பேன்?

இன்ஜினுக்குக் கருவி செய்ய ஆரம்பித்தார். ஒரு பெரிய ஊறுகாய் டப்பா, ஒரு லாரி பேட்டரி, கொஞ்சம் ஒயர், ஓஸ் குழாய். தகட்டுக்கு என் கல்யாணச் சீர் எவர்சில்வர் தட்டு இரண்டை வெட்டினார். அம்மா வீட்டுத் தட்டு ஐயா அது என்று கத்தினேன். வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நாலு தட்டு போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கரண்டு விட்டால், வருகிற கேஸை ஓஸ் வழியாக இன்ஜின் காற்று இழுக்கிற இடத்தில் விட வேண்டும். நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் போதும் என்றுதான் வீடியோவில் சொன்னான். இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. பாத்தித் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க எங்களிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டால் டிகிரி காட்டும். டிகிரி ஏற ஏற எங்களுக்குச் சந்தோஷம்; பிறந்ததிலிருந்து அப்படித்தான். "ஒரு சிட்டிகைக்கே ஓடுதுன்னா, நம்ம தண்ணி இருவத்தஞ்சு டிகிரி, மே. இதுல ரயிலே ஓடும்" என்றார். உப்பு உறைகிற பாத்தியிலிருந்தே மொண்டு ஊற்றினார். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

குமிழி வந்தது. கூடவே குடிநீர்த் தொட்டியில் கொட்டுகிற பிளீச்சிங் பவுடர் நாற்றமும் வந்தது. எனக்குத் தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதான் கேஸு என்றார் பெருமையாக. இன்ஜின் எப்போதும்போல டீசலில்தான் ஓடியது. அவருக்கு மட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது, டீசல் கொஞ்சமாகச் செலவானது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒரு நாள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கருவிக்குப் பக்கத்தில் நின்று, தானே வீடியோ எடுத்துப் போட்டார். ஐம்பது பேர் பார்த்திருந்தால் அதிகம். அதில் பாதி என் சொந்தக்காரர்கள்.

அந்த வாரமே இன்ஜின் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஹேண்டில் சுற்றுவதே பெரும்பாடு. ஓடினால் வெள்ளையாகப் புகை. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பொம்மையார்பாளையத்துப் பையன்; இவரை அண்ணா அண்ணா என்று சுற்றிச்சுற்றி வருவான். காற்று இழுக்கிற பில்டரைக் கழற்றினான். உள்ளே எங்கள் பாத்தியைப் போலவே உப்பு விளைந்திருந்தது. இவரிடம் சொன்னான். ரெண்டு ஸ்பானர் பிடித்தவனுக்கு இதெல்லாம் விளங்காது என்று இவர் தூக்கியெறிந்து பேசினார். கிளம்பும்போது பையன் என்னிடம் தனியாகச் சொன்னான்.

"அண்ணி, இன்னும் ஒரு வாரம் இதோட ஓட்டுனா பிஸ்டன் புடிச்சிக்கும். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான்."

சித்திரை வெயில். எல்லாப் பாத்தியிலும் உப்பு கட்டிக்கொண்டு வருகிற நேரம். மூன்றாவது வருடமும் போனால் பாத்தியை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் இன்ஜின், ஒரு பக்கம் பாயிலிருந்து எழுந்து வந்த மனுஷன். அவரிடம் இதமாகவும் சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். நீயுமா என்று முகம் சுருங்கிப் போனது.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு கல்யாணம். நான் வரவில்லை, தண்ணீர் விட வேண்டும் என்றேன். அவர் பஸ் ஏறியதும் பாத்திக்குப் போய், தகடு, டப்பா, ஓஸ் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, கோணியில் கட்டி, உச்சி வெயிலில் கால்வாயில் போட்டேன். பேட்டரியைத் தூக்க முடியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். வந்தால் உண்மையைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் வந்து பார்த்தார். முகத்தில் பயம் வந்தது. அதோடு ஒரு பெருமையும் வந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. "வந்துட்டானுங்க" என்றார். "திருடன்னா பேட்டரியத்தான எடுப்பான்? பொட்டிய மட்டும் எடுத்திருக்கான் பாரு." என்னால் தூக்க முடியாத பேட்டரி அவருக்குச் சாட்சியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்ஜின் பிழைத்தது. அந்த வருடம் உப்பும் விளைந்தது. மறுபடி செய்தால் உயிருக்கு ஆபத்து என்று கருவி பக்கம் அவர் போகவே இல்லை. பாத்திக்கு வருவார், பாதி வேலையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். டீக்கடையில் புது ஆள் கிடைத்தால் முதலிலிருந்து கதை. கருவி மாட்டியிருந்த இடத்தைக் கழற்றிப் பார்த்தவன் மெக்கானிக் ஒருத்தன்தான், ஆகவே துப்புக் கொடுத்தவன் அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் பையன் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போனார். அவனும் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஒதுங்கிப் போனான். தலையில் ஏற்றிய உப்புக் கூடையையாவது கொட்டிவிட்டு நிமிரலாம். இதை எங்கே கொட்டுவது?

போன மாசம் அந்தப் பையனின் அப்பா இறந்துபோனார். இவர் போகமாட்டேன் என்றார். என்ன பகை இருந்தாலும் சாவுக்குப் போகாதவன் மனுஷனா? எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான்யா எடுத்துக் கடாசினேன். கால்வாய்ல கெடக்குது உன் பொட்டி. அந்தப் புள்ளைய உட்டுடு."

கால் கழுவிக்கொண்டிருந்தவர் செம்போடு அப்படியே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாயிருந்திருக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யாரு வந்து சொன்னாங்க உன்கிட்ட?"

"யாரும் சொல்லல. இன்ஜின் பூடும்னு நான்தான் எடுத்தேன்."

"பயப்படாத. நான் இருக்கேன் இல்ல? எத்தினி பேரு வந்தானுங்க?"

எவ்வளவு சொன்னேன் தெரியுமா? உப்புப் பிடித்ததை, பிஸ்டனை, கோணி கட்டியதை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அத்தனை வருடத்தில் அவ்வளவு பிரியமாக அவர் என்னைப் பார்த்ததில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனார். பாடைக்குத் தோள் கொடுத்தாராம். பாவம், வீட்ல பொம்பளைய மெரட்டிட்டானுங்கப்பா என்று அந்தப் பையனிடம் மன்னிப்பும் கேட்டாராம்.

அன்றிலிருந்து என்னைத் தனியாகப் பாத்திக்கு விடுவதில்லை. எனக்கு முன்னால் நடக்கிறார். நான் உப்பு வாரும்போது இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறார். கட்டிய புருஷன் வாட்ச்மேன் ஆகிவிட்டார் என்று மற்றப் பெண்கள் கேலி பேசுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

நேற்று வரப்போரமாக ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இரும்பை என்கிற ஊர்க் கோயிலுக்கு வழி கேட்க இரண்டு பேர் இறங்கினார்கள். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். கணுக்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்ற அவர், அந்தக் கார் கண்ணுக்கு மறையும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.