வெறும் காருக்கு இரண்டு ஹோன்

அடுத்தவன் காரை ஓட்டிப் பிழைப்பவனுக்கு ரோட்டில் சிநேகிதர்கள் கிடையாது. பின்சீட்டில் இருப்பவருக்கு நம் வேகம் போதாது. முன்னால் சைக்கிளில் போகிறவருக்கு அதே வேகம் அதிகம். முன்னும் பின்னும் வாங்கிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளும் ஸ்டியரிங் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஓட்டியது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் கார். வெள்ளைக்காரர் காலம். சைக்கிள் அப்போதுதான் அந்த மலைக்கு வரத் தொடங்கியிருந்தது. கார் அதற்கு முன்பே வந்துவிட்டதால் வழி முழுவதும் தனக்குத்தான் என்று இருந்தது.

முதல் நாள் பாடம்

வேலைக்குச் சேர்ந்த அன்று துரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கியரையும் பிரேக்கையும் அல்ல, ஹோனை. ரப்பர் பந்து வைத்த ஹோன் அது. கையால் அமுக்கினால் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். தோட்டத்து எல்லைக்குள் சைக்கிளில் போகிறவன் யாராக இருந்தாலும் கார் வரும்போது இறங்கி, சைக்கிளை ஓரமாகப் பிடித்து, தலையில் இருப்பதை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். நீளமாக ஒரு ஹோன் அடித்து அவனுக்கு அதை ஞாபகப்படுத்துவது என் வேலை.

அன்றைக்கே கணக்கப்பிள்ளை ரெங்கசாமி எங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும் மலையில் அவர் ஒரு சத்தம் போட்டால் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். என் ஹோன் கேட்டதும் குதித்து இறங்கினார். தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் ஒடுங்கி நின்றார். அவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார்:

"நான் காரப் பாத்து எறங்கல தம்பி, வேல போயிரும்னு எறங்கினேன். நீங்க நல்லா சத்தமா அடிங்க, அப்பதான் எனக்கு நேரத்தோட கேக்கும்."

மாத்தளை டவுனில்

கவர்மெண்ட் ரோட்டில் இந்தச் சட்டம் செல்லாது என்பதை ஒரு காலைநேரத்தில் மாத்தளைக் கடைத்தெருவில் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் மாட்டு வண்டிகள், மறுபக்கம் கான், நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் நிதானமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். துரை பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். ஒரு தரம் அடித்தேன். இன்னொரு தரம் அடித்தேன். அவர் பதிலுக்குத் தன் மணியை அடித்தார். கடைவாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் தரம் அடித்ததும் அவர் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பினார். துரையை அவர் பார்க்கவேயில்லை; கையை ஹோனில் வைத்திருந்த என்னைத்தான் பார்த்தார். துரைமாரிடம் பேச வேண்டியதையெல்லாம் டிரைவரிடம் பேசுவது நம் ஊர் வழக்கம்தானே.

"தோட்டத்துல அடிக்கிற ஹோனத் தோட்டத்துலயே வச்சிட்டு வாங்க டிரைவர். இங்க எல்லாரும் ஓட்டுற ரோட்டு."

வெறும் கார்

டவுனில் பட்ட அவமானத்துக்கு மலையில் சைக்கிள் ஓட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. துரை கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கணக்கப்பிள்ளையின் மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்து வந்தபோது தன் காரையே கொடுத்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர். ஆனால் அதே கணக்கப்பிள்ளை அந்தக் காருக்கு இறங்கச் சற்றுத் தாமதித்தால் ஆபீசுக்குக் கூப்பிட்டு நிற்க வைப்பார். இரண்டும் ஒரே மனிதர்தான்.

அதனால் காரின் சத்தம் கேட்டாலே எல்லாரும் இறங்கினார்கள். உள்ளே துரை இருக்கிறாரா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியாது. மேட்டில் ஒருமுறை இறங்கிவிட்டால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. உச்சி வரைக்கும் தள்ள வேண்டும். நான் பங்களாவுக்குப் பாண் ரொட்டி வாங்க ரத்தோட்டைக்குத் தனியாகப் போய்த் திரும்பும்போதும் பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் சில வாரங்கள் அது எனக்குப் பிடித்திருந்தது. தனியாகப் போகும்போதும் நீளமாகத்தான் அடித்தேன். ஒரு மழை நாளில் கணக்கப்பிள்ளை கானுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"பின்னால தொர இல்லாட்டி ரெண்டு தரம் குட்டையா அடிங்க தம்பி. பாணுக்கு மரியாத குடுத்து எனக்குக் காச்ச வந்துரும் போல இருக்கு."

ஹமீது நானாவின் கால்

யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்குள் சைக்கிள் வைத்திருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நீளமாக ஒன்று அடித்தால் துரை இருக்கிறார். குட்டையாக இரண்டு அடித்தால் நான் மட்டும்தான், மிதித்துக்கொண்டே போகலாம். இதனால் அதிகம் பிழைத்தவர் ஹமீது நானா. அலுவிகாரையிலிருந்து புடவை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களில் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வருவார். நாள் முழுக்க விற்றுவிட்டு, மாலையில் மிதித்துக்கொண்டு இறங்குவார்.

அவருடைய மூட்டை சீட்டுக்குப் பின்னால் அவர் கழுத்தளவுக்கு நிற்கும். அதனால் மற்றவர்களைப் போலக் காலைப் பின்னால் வீசி அவரால் இறங்க முடியாது. சைக்கிளை மண்மேட்டில் சாய்த்து, சாரத்தை மடித்துக் கட்டி, வலது காலைக் கையால் தூக்கி முன்பக்கக் கம்பிக்கு மேலாகக் கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் அந்தப் பாரத்தோடு சட்டென்று நிறுத்துவதே பெரிய பாடு. துரை இருக்கும் நாட்களில் அவர் கால் கம்பியைத் தாண்டுவதற்குள் கார் அவரைத் தாண்டிவிடும். துரை திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பார். எங்கள் லயங்கள் தன் பிழைப்பில் பாதி என்று நானா சொல்லியிருந்ததால் எனக்கு அந்த முகச் சுளிப்பு பயமாக இருக்கும்.

"ரெண்டு ஹோன் கேக்குற அண்டைக்கு எனக்குப் பத்து வயசு கொறயுது, தம்பி."

பழகிய கை

ஞாயிறு மாலைகளில் துரையை மேல் தோட்டத்துப் பங்களாவில் டென்னிஸ் விளையாட இறக்கிவிட்டு, நான் வெறும் காரோடு ரத்தோட்டைக்கு இறங்குவேன். வழியில் தொழிற்சாலை வளைவில்தான் அநேகமாக நானாவைப் பிடிப்பேன். இரண்டு ஹோன் அடிப்பேன். அவர் கையை ஆட்டுவார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிறு, ரிவர்ஸ்டன் பக்கமிருந்து பனி இறங்கி மேல் பங்களாவை மூடிவிட்டது. டென்னிஸ் இல்லை. துரை காரிலிருந்து இறங்காமலே மாத்தளைக்கு விடச் சொன்னார்.

தொழிற்சாலை வளைவு வந்தது. முன்னால் நானா போய்க்கொண்டிருந்தார். என் கை ரப்பர் பந்துக்குப் போய் இரண்டு தரம் அமுக்கியது. நான் யோசித்துச் செய்யவில்லை. அந்த வளைவில் அந்தக் கை செய்து பழகியது அதைத்தான். இரண்டாவது சத்தம் அடங்குவதற்குள் பின்சீட்டில் துரை இருப்பது ஞாபகம் வந்தது. மறுபடி நீளமாக அடித்தால் துரைக்குச் சந்தேகம் வரும் என்று பயந்து அடிக்காமல் விட்டேன். நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கி எங்களை முன்னால் போகச் சொல்லிச் சைகை காட்டியபடி, உள்ளே துரை இருப்பது தெரியாமல், அவர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார்:

"போ தம்பி, போ. நான் ஓரத்தாலதான் போறேன்."

ஆபீஸ் வாசலில்

அன்று காருக்குள் துரை கேட்டது ஒரே ஒரு கேள்வி: ஏன் இரண்டு தரம் அடித்தாய்? வளைவு என்பதால் என்றேன். அவர் நம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, லயத்துப் பெண்கள் தீபாவளிக்குச் சொல்லியிருந்த சேலைகளோடு வந்த நானாவைக் காவற்காரன் எல்லையிலேயே மறித்து ஆபீசுக்குக் கொண்டுவந்தான். நான் பத்தடி தள்ளிக் கார் கழுவிக்கொண்டிருந்தேன். துரை தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். நானா என்னை ஒருமுறை பார்த்தார். உங்கள் டிரைவர் எங்களுக்கு ஹோன் அடித்துச் சொல்வார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். நான் கையில் ஈரத்துணியோடு நின்றேன். என் வாயும் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

துரை அவருக்குத் தோட்டத்தை மூடிவிட்டார். இனி இந்த எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அவிழ்க்காத மூட்டையோடு நானா சைக்கிளைத் திருப்பினார். காரணம் என்று அவர் துரையிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மூட்ட ஒசரம், தொர. கால் வரல்ல, அதுதான் எறங்கல்ல."

அலுவிகாரையில்

தீபாவளி கழிந்து சில வாரங்கள் நான் அவர் முகத்தில் விழிக்கத் துணியவில்லை. பிறகு ஒரு லீவு நாளில் அலுவிகாரைக்குப் போனேன். ரோட்டோரக் கடை ஒன்றின் தாழ்வாரத்தில் பாய் விரித்துச் சேலைகளை அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பெண்கள் கேட்ட நிறங்கள் அப்படியே இருந்தன. யட்டவத்தச் சந்தைக்கும் போய்ப் பார்த்தாராம். அங்கே ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்குத் தேநீர் சொன்னார். நாளைக்கே துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சொன்னால் அவருக்குத் தோட்டம் திறக்கப் போவதில்லை, எனக்கும் மூடும், அவ்வளவுதான் என்று கோபமில்லாமல் விளக்கினார்.

பிறகு, கணக்கப்பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் இப்போதும் இரண்டு ஹோன் அடிக்கிறேனா என்று கேட்டார். இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டேன், பயமாக இருக்கிறது என்றேன். வெறும் காருக்கும் பழையபடி எல்லாரும் இறங்கி நிற்கிறார்கள் என்றும் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. அதுவரை என்மேல் கோபப்படாத மனிதர் அப்போதுதான் கோபப்பட்டார்.

"ஒன்ட வேலைக்காக நான் வாய மூடிட்டு வந்தேண்டு நெனச்சியா? அந்த நாலு பேராச்சும் எறங்காமப் போகட்டும் எண்டுதான் வந்தேன். நீ அதையும் நிப்பாட்டிட்டியே, தம்பி."

மறுபடியும் இரண்டு

மறுநாள் பாண் வாங்கத் தனியாக இறங்கினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. தொழிற்சாலை வளைவுக்குச் சற்று மேலே கணக்கப்பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். குட்டையாக இரண்டு தரம் அடித்தேன். அவர் குதித்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். தலை குனிந்து கான் ஓரத்தில் நின்றார். கேட்கவில்லையோ என்று இன்னும் இரண்டு அடித்தேன். அவர் அசையவில்லை.

நான் காரை நிறுத்தி, இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து காட்டினேன். வெறும் சீட். அவர் கிட்ட வந்து, சீட்டுக்குக் கீழேயும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் தொப்பியைப் போட்டார். ஹமீது நானா என்ன சொன்னார் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிற்று. ஆனாலும் என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இனிமே நீங்க எத்தன தரம் அடிச்சாலும் நான் எறங்கி நின்னுதான் பாப்பேன்."

பல வருடம் கழித்து நான் வேலையை விட்டபோது துரை எழுதிக்கொடுத்த சர்டிபிகேட்டில், என் கையால் ரோட்டில் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை என்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலையும் கிடைத்தது.