குருநாதன் ஜீப்பின் உதை

பாக்கர் கியர்பாக்ஸின் ஆயில் கேஜ் கம்பியை உருவினால் உடனே துடைக்கமாட்டார். நுனியில் தொங்கும் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுவார். அது பரவி நிற்கும்வரை பார்ப்பார். சிவப்பாக இருந்தால் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். விளிம்பு பழுப்பேறியிருந்தால் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலத்தான். அதற்குப் பிறகு வண்டிக்காரர் சொல்லும் எதுவும் அவர் காதில் விழாது.

பெரியபட்டினத்துக்காரர். ஷார்ஜாவில் பதினான்கு வருடம், மணல்மேட்டில் ஏறி இறங்கும் ஜீப்புகளுக்குக் கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்த்தவர். திரும்பி வந்து ராமநாதபுரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ‘ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்’ என்று பலகை மாட்டினார். பலகைக்குக் கீழே நின்று ஊர் அவரிடம் பஞ்சர் ஒட்டச் சொன்னது.

எதிரே ஜெராக்ஸ் கடையில் நான். ஒருநாள் அவர் மனைவி ஹமீதா பானு, கணவரின் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்தார்.

“பழைய முதலாளி விசா தாரேண்டு சொல்றாக தம்பி. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இங்கன வேலை வந்தா இருப்பாரு. வரலண்டா மறுபடி போனுலதான் குடும்பம்.”

முதல் வேலை மாரியூரிலிருந்து வந்தது. படகு வைத்திருக்கும் குருநாதன், தன் பழைய ஆட்டோமேட்டிக் ஜீப்பில் கயிறு கட்டித்தான் ஃபைபர் படகைக் கரைமணலில் இழுப்பார். இரண்டு முறை கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன.

“வெண்ணெ மாதிரி கியர் மாறும் பாய். அது எப்படிக் கருகும்?”

“வெண்ணெ மாதிரி மாறுனா உள்ள தட்டு வழுக்குதுண்டு அர்த்தம்ணே. வழுக்குனா சூடு. சூடேறுனா கருகத்தான் செய்யும். நின்னு பிடிக்கணும்னா சட்டுனு பிடிக்கணும்.”

பதினோரு நாள் வேலை. எண்ணெய் அழுத்தத்தை ஏற்றினார். கெட்டியான ஸ்பிரிங் போட்டார். தட்டுகளைக் கூட்டினார். எண்ணெய் சூடேறாமலிருக்க முன்பக்கம் தனியாக ஒரு கூலர் வைத்தார். முடிந்தபோது, நல்ல தச்சன் மாட்டிய கதவு சாத்திக்கொள்வது போல ஒரே சொடுக்கில் கியர் விழுந்தது. குருநாதன் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன செஞ்சீக?”

“எல்லாம் செஞ்சிருக்கேன்.”

“ஒண்ணும் தெரியலையே பாய்.”

இந்த மூன்று சொல் டீக்கடைக்குப் போய்ச் சேர பத்து நிமிடம் ஆகவில்லை. “பதினோரு நாளும் பாய் வண்டிக்கு அடியில பாய் விரிச்சுத் தூங்கியிருக்காரு,” என்றார் டாக்ஸி ஓட்டும் மாரீஸ்வரன். யாரும் மறுக்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் குருநாதன் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பத்தான் பாய் உங்க வேலை தெரியுது. ஒவ்வொரு கியருக்கும் முதுகுல ஒரு உதை. எங்க வீட்டுக்காரி இனிமே ஏறமாட்டேன்னுட்டா. அம்புட்டு பவரு.”

பாக்கர் ஜீப்புக்கு அடியில் போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபிறகும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“செட் ஆயிருச்சு,” என்றார். பிறகு, “திங்கக்கிழமை வாங்க, ஆயில் மாத்தணும். அதுவரைக்கும் படகு இழுக்க வேணாம்.”

மாரீஸ்வரன் அந்த ஜீப்பில் ஒரு சுற்றுப் போய், கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார். அங்கேயே தன் டாக்ஸிக்கு நாள் கேட்டார். சாயங்காலத்துக்குள் ஐந்து ஆட்டோமேட்டிக் வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாருக்கும் அந்த உதை வேண்டும். எத்தனை வருடம் உழைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாக்கர் ஷார்ஜாவுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினார். வந்த வண்டிகளுக்கு, உதை தெரியட்டும் என்று தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தம் ஏற்றியே கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆயில் மாற்றியபின் குருநாதனின் ஜீப் உதைப்பதை நிறுத்திவிட்டது. “உடம்பு பழகிப்போச்சுல்ல,” என்று அவரே விளக்கம் சொன்னார். இரண்டு வருடமாகப் படகு இழுக்கிறது. கியர்பாக்ஸை இன்னும் யாரும் திறக்கவில்லை.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழை நகல் எடுக்க வந்தபோதுதான் ஹமீதா பானு சொன்னார். அன்றைக்கு பாக்கர் அடியில் போய்ப் பார்த்தபோது கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் கிழிந்து தொங்கியிருக்கிறது. கியர் மாறும்போதெல்லாம் மொத்தப் பெட்டியும் எழும்பி வண்டியின் சட்டத்தில் இடித்ததுதான் அந்த உதை. திங்கட்கிழமை அவர் ஆயில் மாற்றவேயில்லை; ரப்பரைத்தான் மாற்றினார்.